பின்னால் ஓடும் ஆறு



மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. "டீச்சர், அமெரிக்கா எப்படி இருக்கு? ஒரு போட்டோகூடப் போடலையே" என்று பல பேர் கேட்டுவிட்டீர்கள். சென்ற புதன்கிழமை காலையிலிருந்து இரவு வரை சிகாகோ நகரத்தைச் சுற்றிப் பார்த்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளும். மணி அடித்த பிறகும் பாடத்தை இழுப்பவள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா? பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள். முக்கியமாக, 1988-ல் எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் இருந்தவர்கள். உங்களால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

மகள் வீடு சிகாகோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நேப்பர்வில் என்ற ஊரில். அன்று அவள் லீவு போட்டிருந்தாள். பேத்திக்குக் கோடை விடுமுறை, பத்து வயது. மாப்பிள்ளைக்கு நகரத்துக்குள்ளேயே அலுவலகம். "அத்தை, நீங்க பகல்ல சுத்திப் பாருங்க, நான் சாயங்காலம் வந்து சேந்துக்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதிகாலையிலேயே எழுந்து புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, தயிர்சாதமும் கட்டிக்கொண்டேன். "அம்மா, அங்க நூறு ஹோட்டல் இருக்கு" என்றாள் மகள். இருக்கட்டுமே. முப்பது வருடம் பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் கூட்டிப் போனவள், கட்டுச்சோறு இல்லாமல் கிளம்ப மாட்டேன். சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. அந்தக் கோலத்தை மட்டும் போட்டோ எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ரயில் பெட்டிக்குள்ளேயே மாடி இருந்தது. பேத்தி மேலே ஏறிக்கொண்டாள். நானும் பின்னாலேயே ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் கேள்விகளை ஆரம்பித்துவிட்டாள். அம்மாச்சி, உங்க ஊர் ரயில்ல மாடி இருக்கா? ஏன் இல்ல? மேல கரண்ட் கம்பி இருந்தா மாடி வைக்க முடியாதா? பதில் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு "உங்க அப்பாவைக் கேளு" என்றேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். இந்தப் பிள்ளையின் கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

யூனியன் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே ஆறு. அதன் மேல் ஒரு பாலம். ஆற்றைத் தாண்டிக் கொஞ்சம் நடந்ததும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய அந்தக் கறுப்புக் கட்டடம். நாமெல்லாம் சியர்ஸ் டவர் என்று படித்தோமே, அதுதான். இப்போது வில்லிஸ் டவர் என்று பெயர். 110 மாடி, 442 மீட்டர். 1970-களின் தொடக்கத்தில் கட்டி முடித்தபோது உலகத்திலேயே உயரமானது. 1998-ல் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் வரும் வரை அந்தப் பெயர் இதற்குத்தான். இதைத் தாங்கி நிற்கும் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். ஒரே தூணாக நிறுத்தாமல், ஒன்பது சதுரக் குழல்களைக் கரும்புக் கட்டுப் போல் சேர்த்துக் கட்டினால் காற்றுக்கு அசையாது என்பது அவர் யோசனை. ஒரு கரும்பை முறித்துவிடலாம், கட்டை முறிக்க முடியாது. நம் வகுப்பில் ஒற்றுமைக்குச் சொன்ன கதைதான்.

அங்கிருந்து ஆடம்ஸ் தெருவில் கிழக்கே நேராக நடந்தோம். தலைக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது ரயில் தடதடவென்று போகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கீழே போகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்ல வெயில்தான். ஆனால் ஏரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டே இருந்ததால் வியர்க்கவில்லை. தெரு முடிகிற இடத்தில் மிச்சிகன் அவென்யூ. எதிரே இரண்டு பச்சை நிற வெண்கலச் சிங்கங்கள் காவல் இருக்கும் கலைக்கூடம்.

அன்று புதன்கிழமை. கலைக்கூடத்துக்கு விடுமுறை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. நான் பார்க்க வந்தது அந்த இடத்தை. 1893 செப்டம்பர் 11-ம் தேதி சர்வ சமய மாநாடு தொடங்கியது இந்தக் கட்டடத்தில்தான். விவேகானந்தர் பேசியது இங்கேதான். அந்தத் தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைக் கௌரவமாக வைத்துப் பழுப்பு நிறப் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது பேத்திக்கு ஒரு விஷயம் சொன்னேன். அவர் கப்பலேறக் காசு சேர்த்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அளசிங்கப் பெருமாள். சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் வாத்தியார். வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டவர். "அவர் ஸ்டூடண்டுக்காகவா கேட்டார்?" என்றாள் பேத்தி. "இல்லடி, அவர் மேல இருந்த நம்பிக்கைல" என்றேன். "டீச்சருங்க அப்படியெல்லாம் செய்வாங்களா அம்மாச்சி?" என்று கேட்டாள். "சில பேர் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

பக்கத்திலேயே மில்லெனியம் பூங்கா. அங்கே ஐம்பது அடி உயரத்தில் எதிரெதிராக இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மனித முகம் தெரிகிறது. நடிகர் முகமோ தலைவர் முகமோ இல்லை, அந்த ஊர்ச் சாதாரண ஜனங்களின் முகம். கண் சிமிட்டும், சிரிக்கும், பிறகு உதட்டைக் குவித்து வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சும். கீழே நூறு பிள்ளைகள் அதற்காகவே காத்து நின்று நனைகிறார்கள். வெள்ளைப் பிள்ளைகள், கறுப்புப் பிள்ளைகள், முக்காடு போட்ட ஒரு அம்மாவின் மூன்று பிள்ளைகள், எங்கள் பேத்தி. யாரும் யாரையும் "ஓடாதே, வழுக்கும்" என்று அதட்டவில்லை. நான்தான் இரண்டு தரம் அதட்டினேன், தமிழில். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு நானும் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றேன்.

அதைத் தாண்டினால், மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த பெரிய எஃகுச் சிற்பம். பெயர் என்னவோ மேகவாசல் என்ற அர்த்தத்தில் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் பீன் என்றுதான் சொல்கிறார்கள். பாதரசத் துளி ஒன்று தரையில் உருண்டு நிற்பது போல் இருந்தது. ஊர் முழுவதும் அதில் வளைந்து தெரிகிறது. நானும் தெரிந்தேன், குட்டையாக, ஷூவோடு.

நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். புளியோதரையை மாலைக்கு வைத்துக்கொண்டோம். ஒரு மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போன காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு எனக்குப் பதினைந்து நிமிடம்தான். அதிலும் ஒரு நோட்டுக் கட்டைத் திருத்திவிடுவேன். சும்மா உட்காரவும் பழக வேண்டியிருக்கிறது.

மூன்று மணிக்குப் படகு. ஒன்றரை மணி நேரம் ஆற்றிலேயே போய்க் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். ஒலிபெருக்கி பிடித்து விளக்கம் சொன்ன அம்மாவுக்கு என் வயது இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு ஆசைக்காக இந்த வேலையைச் செய்கிறாராம், சம்பளம் இல்லை. குரலைக் கேட்டதுமே இவரும் வாத்தியார்தான் என்று தோன்றியது. கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல்.

1871 அக்டோபரில் இந்த ஊர் தீப்பிடித்து எரிந்ததைச் சொன்னார். சுமார் முந்நூறு பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அந்தச் சாம்பலின் மேல்தான் இத்தனை உயரக் கட்டடங்களும் எழுந்தன. மக்காச்சோளக் கதிர் போல இரண்டு வட்டக் கோபுரங்களைக் காட்டினார். அதன் கீழ் மாடிகளில் எல்லாம் கார்கள் விளிம்பில் நிற்கின்றன, எப்போது விழும் என்று பயமாக இருக்கிறது. படகுக்காகவும் கப்பலுக்காகவும் நடுவில் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும் பாலங்களைக் காட்டினார். பாம்பன் பாலத்தைப் பார்த்த நமக்கு அது புதிதில்லை.

மேற்கே போய், ஆறு இரண்டு கிளையாகப் பிரியும் இடம் வந்ததும் படகு மெதுவானது. அப்போது அவர் சொன்னார்: "நீங்கள் இப்போது பின்னால் ஓடும் ஆற்றில் இருக்கிறீர்கள்."

எனக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். மகளைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். அதற்குள் பேத்தி எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டாள். ஆறு எப்படிப் பின்னால் ஓடும், யாராவது தள்ளினார்களா என்று சத்தமாக ஆங்கிலத்தில் கேட்டாள். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கை அனிச்சையாக அவளை இழுத்து உட்கார வைக்கப் போனது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "குட் கொஸ்டின்" என்றார். "இதை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் தினமும் காத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, பேத்தியின் முகத்தைப் பார்த்தே விளக்கினார்.

அதை என் பாணியில் உங்களுக்குச் சொல்கிறேன். சிகாகோ ஆறு இயற்கையில் கிழக்கே ஓடி மிச்சிகன் ஏரியில் விழுந்தது. ஐந்து பேரேரிகளில் முழுக்க அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் ஏரி இது ஒன்றுதான் என்று எழுதிப்போட்டிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? பரப்பில் தமிழ்நாட்டின் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஊருக்குக் குடிதண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான். ஊரின் சாக்கடை முழுவதும் கலந்தது ஆற்றில். ஆறு போய்ச் சேர்ந்ததும் அதே ஏரியில். ஜனம் பெருகப் பெருக, தாங்கள் கழித்ததையே தாங்கள் குடிக்கும் நிலை வந்துவிட்டது.

ஏரிக்கும், மேற்கே மிசிசிப்பியில் போய்ச் சேரும் ஆறுகளுக்கும் நடுவே ஒரு சின்ன மேடுதான் இருந்தது. நம் ஊர் வரப்பு மாதிரி, பார்த்தால் மேடு என்றே தெரியாது. 1892-ல் தொடங்கி எட்டு வருடம் அந்த மேட்டை வெட்டினார்கள். 45 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஏரி மட்டத்தைவிட ஆழமாக ஒரு கால்வாய். 1900 ஜனவரியில் தடுப்பை எடுத்தார்கள். கிழக்கே ஓடிய ஆறு நின்று, திரும்பி, மேற்கே ஓட ஆரம்பித்தது. இன்று வரை அப்படித்தான் ஓடுகிறது. ஏரியில் கலந்த தண்ணீர் இப்போது மிசிசிப்பி வழியாகத் தெற்கே மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது.

கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? உங்கள் சாக்கடையை எங்கள் பக்கம் திருப்புகிறீர்களே என்று மிசௌரி மாநிலம் வழக்குக்குத் தயாரானது. தடை உத்தரவு வந்துவிடுமோ என்ற பயத்தில், பெரிய விழா எதுவும் எடுக்காமல் அவசரமாகத் திறந்தார்களாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1906-ல் மிசௌரி தோற்றது. கழிவைச் சுத்திகரித்து விடும் நிலையங்கள் எல்லாம் பிற்காலத்தில்தான் வந்தன.

பேத்தி விடவில்லை. "அப்ப தண்ணி மேட்டுல ஏறலையா?" என்றாள். அந்த அம்மா உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டி, "தண்ணீர் எப்போதும் பள்ளத்துக்குத்தான் போகும் கண்ணே. நாங்கள் பள்ளத்தை இடம் மாற்றினோம்" என்றார். படகில் எல்லோரும் கை தட்டினார்கள். பேத்தி திருப்தியாக உட்கார்ந்தாள்.

என்னால் கை தட்ட முடியவில்லை.

1988. எட்டாம் வகுப்பு ஆ பிரிவு. மேற்குத் தொடர்ச்சி மலை பாடம். நெல்லைப் பக்கத்திலிருந்து பணி நியமனம் வாங்கிக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து எனக்கு அப்போது நாலாவது வருடம். மறுநாள் ஆய்வு. போர்ஷன் முடியவில்லை. கரும்பலகையில் மலையை வரைந்து, இந்தப் பக்கம் ஓடும் ஆறு வங்கக் கடலுக்கு, அந்தப் பக்கம் ஓடும் ஆறு அரபிக் கடலுக்கு என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது பெஞ்சில் ஒருவன் எழுந்தான். பெயர் சொல்ல மாட்டேன். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

"டீச்சர், அந்தப் பக்கம் ஓடுற ஆத்தைத் திருப்பிப் பின்னாடி ஓட வைக்க முடியுமா?"

வகுப்பு சிரித்தது. என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். நான் சொன்ன பதிலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தீர்கள்.

"ஆறு பின்னாடி ஓடாது. நீ வேணும்னா பின்னாடி போய் நில்லு."

பீரியட் முடியும் வரை அவன் சுவரோடு நின்றான். அன்று சாயங்காலத்துக்குள் அவனுக்குப் 'பின்னாறு' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. அது என் காதுக்கும் வந்தது. தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதுதான் உண்மை. நம் வாயிலிருந்து வந்த ஒரு வேடிக்கை ஊருக்குள் நிலைத்துவிட்டதே என்ற அற்பப் பெருமை.

அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் எழுந்து எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டால் பதில் சொல்வான். பரீட்சையில் சுமாரான மார்க் வாங்குவான். பத்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில் இருந்தான்.

அந்தப் படகில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. அவன் கேட்டது பெரியாற்றை. மேற்கே அரபிக் கடலுக்குப் போகும் பெரியாற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார் பென்னிகுவிக். 1895-ல். சிகாகோக்காரர்கள் ஆற்றைத் திருப்புவதற்கு ஐந்து வருடம் முன்பே. நம் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி ஓடிய வாய்க்காலில் இருந்தது அந்தத் தண்ணீர். நாங்கள் குடித்தது அது. மதியச் சாப்பாட்டு அரிசி விளைந்தது அதில். ஆண்டுதோறும் பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுகிற ஊர் அது.

நானும் முல்லைப் பெரியாறு பாடம் நடத்தியவள்தான். அணை கட்டி முடித்த ஆண்டு எது, ஒரு மதிப்பெண். கட்டிய பொறியாளர் யார், ஒரு மதிப்பெண். அணைகள் என்ற தலைப்பு வரும்போது அதைச் சொன்னேன். மலைகள் என்ற தலைப்பில் அது வராது. என் மூளையில் இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைக்குத்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. அவன் அப்பா வாய்க்காலில் வயலுக்கு வயல் தண்ணீர் திருப்பிவிடும் வேலை செய்தவர். மண்வெட்டியால் இங்கே அடைத்து அங்கே வெட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அவன் தினமும் பார்த்து வளர்ந்தவன். படகில் அந்த அம்மா உள்ளங்கையைச் சாய்த்துச் சொன்ன பதில் அவனுக்குப் பாதி தெரிந்தே இருந்திருக்கும். மீதிப் பாதியை என்னிடம் கேட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருடம் கழித்துக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் கையில் இரண்டு பையோடு நின்றேன். ஒரு இளைஞன் ஓடி வந்து, "குடுங்க டீச்சர்" என்று வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் சீட்டுப் பிடித்து உட்கார வைத்தான். அடையாளம் தெரியவில்லை. கீழேயிருந்து யாரோ "டேய் பின்னாறு, வாடா" என்று கூப்பிட்டார்கள். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். "வர்றேன் டீச்சர், பாத்துப் போங்க" என்று இறங்கிவிட்டான். பஸ் கிளம்பிய பிறகுதான், என்ன செய்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லையே என்று நினைத்தேன்.

படகை விட்டு இறங்கி ஆற்றோரப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மகள் ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். தண்ணீர் பச்சை நிறத்தில் ஆடாமல் அசையாமல் கிடப்பது போல்தான் இருந்தது. ஒரு இலை மிதந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு மெதுவாக, ஏரிக்கு முதுகு காட்டிக்கொண்டு மேற்கே போனது. காற்றாகவும் இருக்கலாம். ஆனாலும் பாலத்துக்கு அடியில் போய் மறையும் வரை பார்த்தேன்.

மாலை ஆறு மணிக்கு மறுபடியும் பூங்காவுக்கு வந்தோம். மாப்பிள்ளை விரிப்பு, தலையணையோடு வந்துவிட்டார். கோடை முழுவதும் வாரத்தில் சில நாள் இங்கே ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி நடக்கிறது. 1935-லிருந்து நடத்துகிறார்களாம். புல்வெளியில் உட்கார டிக்கெட் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் விரிப்பு போட்டு, சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பாதி படுத்தபடி கேட்கிறார்கள். மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிப் பந்தல் போட்டு அதிலேயே ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டிருப்பதால், கடைசியில் இருப்பவருக்கும் பக்கத்தில் வாசிப்பது போல் கேட்கிறது. நம் ஊர்த் திருவிழாவில் ஆற்று மணலில் சேலையை விரித்துப் பாட்டுக் கச்சேரி கேட்டது ஞாபகம் வந்தது. சத்தம் மட்டும்தான் குறைவு.

புளியோதரை வாசனைக்குப் பக்கத்து விரிப்பில் இருந்த வயதான தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தும் அந்தத் தாத்தா மிச்சம் வைக்கவில்லை. பதிலுக்கு ஒரு கிண்ணம் செர்ரிப் பழம் வந்தது. வயலின்கள் ஒன்றாக எழுந்து அடங்கும்போது எனக்குச் சங்கீதம் புரிந்ததா என்று கேட்காதீர்கள். கேட்க நன்றாக இருந்தது. மனசு மட்டும் நாலாவது பெஞ்சில் இருந்தது.

எட்டரை மணிக்குத்தான் இங்கே இருட்டுகிறது. மெதுவாக நடந்து பக்கிங்ஹாம் நீரூற்றுக்குப் போனோம். கேட் பக்கிங்ஹாம் என்ற அம்மையார், இறந்துபோன தன் அண்ணனின் நினைவாக ஊருக்குக் கட்டிக்கொடுத்தது. 1927-ல் திறந்தார்கள். மணிக்கு ஒரு தரம் நடுத்தண்ணீர் நூற்றைம்பது அடிக்குப் பீறிட்டு எழுகிறது. இருட்டிய பிறகு அதற்கு வண்ண விளக்கும் சேர்ந்துகொள்கிறது. காற்று திரும்பும்போதெல்லாம் சாரல் எங்கள் மேல். ஒன்பது மணிக்கு நேவி பியர் பக்கம் வாணவேடிக்கை. கோடையில் புதன்கிழமை தோறும் உண்டாம். ஏரிக்கரைச் சுவரோரம் நின்று பார்த்தோம். வெளிச்சம் முதலில் வருகிறது, சத்தம் சில விநாடி கழித்து வருகிறது. "ஏன் அம்மாச்சி லேட்டா வருது?" என்றாள் பேத்தி. ஒலியைவிட ஒளி வேகம் என்று சொல்லி, இரண்டுக்கும் இடையில் விநாடியை எண்ணச் சொன்னேன். எண்ணி எண்ணி, வாணம் வெடிக்கிற இடம் எவ்வளவு தூரம் என்று தானே கணக்குப் போட்டாள். எனக்கு அழுகை வந்தது. இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இரவு ரயிலில் கூட்டம் இல்லை. மகளும் மாப்பிள்ளையும் கண் அயர்ந்துவிட்டார்கள். பேத்தி என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "ஏன் அம்மாச்சி போட்ல நீங்க க்ளாப் பண்ணலை?" என்று கேட்டாள். பார்த்திருக்கிறாள். நடந்ததை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள்.

"ஸாரி சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஏன்?"

"அந்தப் பையன் எங்க இருக்கான்னு தெரியாதே."

"உங்க ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் ஃபேஸ்புக்ல இருக்காங்கன்னு அம்மா சொன்னாளே. அதுல எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

1988 எட்டாம் வகுப்பு ஆ பிரிவு மாணவர்களே, உங்களில் யாருக்காவது அவர் இருக்கும் இடம் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். ஐம்பதை எட்டிய மனிதர் இப்போது, அதனால் 'அவர்' என்றே சொல்கிறேன். அவர் பெயரைக் கமெண்ட்டில் எழுத வேண்டாம். அந்தப் பட்டப்பெயரையும் எழுத வேண்டாம். நேரில் காட்டுங்கள், இல்லையென்றால் படித்துச் சொல்லுங்கள். பேச விருப்பம் இருந்தால் என் எண் உங்களிடம் இருக்கிறது. விருப்பம் இல்லையென்றால் அதுவும் நியாயம்தான், வற்புறுத்தாதீர்கள்.

அவருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்.

தம்பி, நீ அன்றைக்குக் கேட்டது நல்ல கேள்வி. முடியும். ஆற்றைத் திருப்ப முடியும். நம் ஊரிலேயே திருப்பியிருக்கிறார்கள். அதை அன்றைக்கே நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், உன்னை முன்னால் வரச் சொல்லிப் பலகையில் வரைந்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் நிற்க வைத்தது என் தப்பு. அதைவிட, சிரிக்க விட்டது பெரிய தப்பு. மன்னித்துவிடு.

என் மாணவர்களில் இன்று நிறையப் பேர் ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி இந்த விஷயத்தில் எனக்கு இல்லை. மறுநாள் ஆய்வு இருந்தாலும், போர்ஷன் முடியாவிட்டாலும், ஒரு பிள்ளை கை தூக்கினால் என்ன கேட்கிறது என்று மட்டும் முழுசாகக் கேளுங்கள்.

ஊருக்குத் திரும்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வந்ததும் முதலில் தேக்கடிப் பக்கம் ஒரு தரம் போய் வர வேண்டும். இத்தனை வருடம் அந்த ஊரில் வேலை பார்த்தும், பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் கூட்டிப் போனபோது படகையும் குரங்கையும் பார்த்தேனே தவிர, தண்ணீர் மலைக்குள் நுழையும் இடத்தை நின்று பார்க்கவில்லை. கூட வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கட்டுச்சோறு என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்